மருமகனே, உன் ஐந்தாண்டுத் திட்டம்

மருமகனே, நீ சுவத்துல ஒட்டி வச்சிருக்க சார்ட்டை என் தங்கச்சி போன்ல படம் புடிச்சு அனுப்பிவிட்டுச்சு. ரெண்டு வெரலை வச்சு இழுத்து இழுத்துப் பெருசாக்கிப் படிச்சேன். கையெழுத்து முத்து முத்தா இருக்கு. நாடகத்துக்கு வராம கணக்கெழுதப் போயிருந்தா இந்நேரம் ஒரு பதவி உயர்வே கெடச்சிருக்கும். மொத வருஷம் அறுபது தேதி, ரெண்டாம் வருஷம் நூறு தேதி, மூணாம் வருஷம் டிவி, நாலாம் வருஷம் சினிமா, அஞ்சாம் வருஷம் கலைமாமணி. ஆறாம் வருஷத்துக்கு எதுவுமே போடலையே, அப்ப என்ன செய்யிறதா உத்தேசம்? காசிக்கா?

ஏசி மண்டபத்துல கோட்டுப் போட்ட ஒருத்தரு இப்படித் திட்டம் போடச் சொல்லிக் குடுத்தாராமே. காசு வாங்கிக்கிட்டுத்தானே சொன்னாரு? அப்ப அவரு தொழில்ல கெட்டிக்காரருதான். அவரு சொன்னதை நான் முழுசாத் தள்ள மாட்டேன். இலக்குன்னா அளந்து பாக்கிற மாதிரி இருக்கணும், கெடு இருக்கணும்னு சொல்லியிருக்காரு. நெசந்தான். ஆனா எந்தப் படியில அளக்கிறதுன்னு அவருக்குத் தெரியாது. அவரு வள்ளி திருமணத்தை விடிய விடிய உக்காந்து பாத்தவரு இல்லையே.

உன் சார்ட்டுல வருஷம் ஜனவரியில பொறக்குது. ஸ்பெஷல் நாடகக்காரனுக்கு எப்படா ஜனவரியில வருஷம் பொறந்துச்சு? மாசியில சூடு புடிச்சு, பங்குனி சித்திரை வைகாசியில கண்ணு செவந்து, ஆடி ஆவணி வரைக்கும் இழுத்துக்கிட்டுப் போகும். புரட்டாசி வந்தா முருகனும் நாரதரும் டீக்கடை பெஞ்சுல. மார்கழி முடியிற வரைக்கும் அதே பெஞ்சுதான். நீ என்னடான்னா மாசத்துக்கு அஞ்சு தேதின்னு பன்னெண்டு கட்டம் போட்டு வச்சிருக்க. ஐப்பசி மழையில எந்த ஊருக்காரன்டா உனக்குப் பந்தல் போடுவான்?

ஓடுற மாசத்துலயும் ஓட்டை இருக்கு. 2019-ல நாடாளுமன்றத் தேர்தல் ஏப்ரல் 18. 2021-ல சட்டமன்றத் தேர்தல் ஏப்ரல் 6. 2024-ல மறுபடி ஏப்ரல் 19. நம்ம பங்குனி சித்திரையைப் பஞ்சாங்கத்துல பாத்து வச்ச மாதிரியே வச்சாங்க. 2019-ல மதுரையில அன்னைக்குத் தேரோட்டம்னு ஓட்டுப்போடுற நேரத்தை ராத்திரி எட்டு மணி வரைக்கும் நீட்டிவிட்டாங்க. தேருக்காக நீட்டினாங்க, சந்தோசம். நடத்தை விதி இருக்கிற மாசத்துல நாடகத்துக்கு எவன் நீட்டுவான்? 2020 பங்குனியில ஊரடங்கு வந்துச்சு. அடுத்த வருஷமும் சித்திரைக்கு முந்தியே திருவிழாவை நிறுத்திட்டாங்க. ரெண்டு சீசனு போச்சு. அன்னைக்கு நூறு தேதி இலக்கு வச்சிருந்தவனும் பெஞ்சுலதான், ஒரு இலக்கும் வைக்காதவனும் பெஞ்சுலதான். டீக்கடையும் மூடிட்டதால பெஞ்சும் இல்லை.

இன்னொண்ணு இருக்கு, அதை உன் கோட்டுக்காரரு சொல்லியிருக்க மாட்டாரு. 2000-ஆவது வருஷம் வந்த விதிப்படி ராத்திரி பத்துல இருந்து காலையில ஆறு வரைக்கும் ஒலிபெருக்கி கூடாது. நம்ம பபூன் மேடை ஏறுறதே பத்து மணிக்கு. மாநில அரசு மனசு வச்சா, திருவிழான்னு சொல்லி வருஷத்துல பதினஞ்சு நாளுக்கு மிகாம, நடுச்சாமம் பன்னெண்டு வரைக்கும் தளர்த்தலாமாம். பன்னெண்டு மணிக்கு வள்ளி தினைப்புனத்துக்கே வந்திருக்க மாட்டா! ஒவ்வொரு ஊருலயும் ஸ்டேஷனுக்கு நடந்து, சில ஊருல ஐகோர்ட்டு வரைக்கும் போயி அனுமதி வாங்கித்தான் நாடகம் நடக்குது. அதனால அட்வான்ஸை நீட்டுறவன்கிட்ட மொதல்ல கேக்க வேண்டியது, அனுமதி எந்த மட்டுல இருக்குங்கிறதை. தொகையை அப்புறம் பேசு.

அப்ப எதைத்தான் அளக்கிறதுன்னு கேப்ப. சொல்றேன். போன வருஷம் ஆடின ஊருல எத்தனை ஊரு இந்த வருஷமும் உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுச்சு? அதை எழுதுடா சுவத்துல. மொத தடவை கூப்பிடுறது நோட்டீஸுல உன் போட்டோ செவப்பா இருக்குன்னு. ரெண்டாம் தடவை கூப்பிடுறதுதான் உன் தொழிலு.

நம்ம தொழிலோட அமைப்பு அப்படி. கம்பெனி கெடையாது, முதலாளி கெடையாது, ஒத்திகை கெடையாது. ராஜபார்ட் ஒரு ஊரு, ஸ்திரீபார்ட் ஒரு ஊரு, ஆர்மோனியம் இன்னொரு ஊரு. தனித்தனியாப் பேசி, தனித்தனியாச் சம்பளம் வாங்கி, மேடையில ஏறுனப்பத்தான் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்கிறது. அதனால உன்னைப் பத்திப் பேச ஒரு மேனேஜர் வைக்க முடியாது. உன்கூட ராத்திரி முழுக்க நின்னவங்கதான் பேசணும். எந்தக் கட்டையில பாடுவேன்னு ஆர்மோனியக்காரருகிட்டச் சொல்லாம நேரா மேடைக்குப் போயிக் கத்துறியாமே? அந்த மனுசன் உன் பின்னாலயே கட்டையைத் தேடி அலைஞ்சாராம். இனிமே எவனாவது அவருகிட்ட "நல்ல முருகன் யாருண்ணே" ன்னு கேட்டா உன் பேரு வருமா? முகத்தைக் கழுவுறதுக்கு முந்தி அவருக்கு ஒரு கும்புடு போட்டுட்டு வா, ஒண்ணும் கொறைஞ்சிர மாட்ட.

அப்புறம் அந்தச் சாமம் மூணு மணி. முன்வரிசைப் பிள்ளைக சாக்கு மேல சுருண்டு கெடக்கும். பொம்பளைக பாதிப் பேரு எந்திரிச்சுப் போயிருப்பாங்க. துண்டைத் தலையோட போத்திக்கிட்டு நாலு பெருசு மட்டும் உக்காந்திருக்கும். பாத்தா தூங்குற மாதிரித்தான் தெரியும். நீயும் வள்ளியும் தர்க்கம் பண்ணிக்கிட்டு இருக்கப்ப, எவனுக்குத் தெரியப் போகுதுன்னு நீ ஒரு விருத்தத்தை முழுங்கிட்டுத் தாண்டினேன்னு வையி, துண்டுக்குள்ள இருந்து ஒரு இருமல் வரும். சளி இருமல் இல்லை அது. அந்த நாலு பேருதான் அடுத்த வருஷம் மதுரைக்கு வந்து ஆளு புடிக்கிற விழாக்கமிட்டி. பத்து மணிக்குக் கைதட்டுற எளந்தாரிகளுக்கு உன் மேல பிரியம் உண்டு, பையில காசு கெடையாது.

சம்பளத்தைக் கூட்டணும்னு ரெண்டு கோடு போட்டு எழுதியிருக்க. கூட்டு, வேண்டாங்கலை. கொடுமுடிக்காரம்மா கே.பி. சுந்தராம்பாள் 1935-ல பக்த நந்தனார் படத்துல நடிக்க ஒரு லட்ச ரூபா வாங்குச்சு. அன்னைக்கு ஒரு லட்சம்னா நாலு தெருவை வெலைக்கு வாங்கலாம். புருசன் கிட்டப்பா போன துக்கத்துல இருந்த அம்மா, நடிக்க இஷ்டமில்லாம, இந்தத் தொகையைக் கேட்டா ஓடிப்போயிருவாங்கன்னுதான் கேட்டுச்சுன்னு சொல்வாங்க. வந்தவங்க ஓடலை, குடுத்துட்டாங்க. நீயும் ஒரு நாளைக்கு அப்படிக் கேளு மாப்ள. ஆனா கேக்கிறதுக்கு முந்தி அந்தக் குரல்ல கால்வாசியாவது இருக்கான்னு தொண்டையைத் தடவிப் பாத்துக்க. வந்தவன் ஓடிட்டா பஸ்ஸுல போயிப் புடிக்க முடியாது.

கிட்டப்பான்னதும் ஞாபகம் வருது. செங்கோட்டையில 1906-ல பொறந்து 1933-ல போயிட்டாரு. இருபத்தேழு வயசு. அந்தக் குரலுக்கு இன்னும் முப்பது வருஷம் இருந்திருந்தா என்னென்ன பாடியிருக்கும்! உன் சார்ட்டுல ஒடம்புக்கு ஒரு கட்டமும் இல்லை. நாலு ராத்திரி தொடர்ந்து ஆடிட்டு, விடியக்காலையில அரிதாரத்தோட வேன்ல ஏறி, தூங்குற டிரைவருக்குப் பக்கத்துல நீயும் தூங்கிக்கிட்டு வர்ற. நாடகக்காரன் சாவை எங்கெங்கயோ தேட வேண்டாம், விடியக்காலை ரோட்டுலயே இருக்கு. ரெண்டு மணி நேரம் அந்த ஊருப் பள்ளிக்கூடத் திண்ணையில படுத்து எந்திரிச்சு வந்தா உன் ஐந்தாண்டுத் திட்டம் கொறஞ்சு போகாது. தொண்டைக்கு இதமா இருக்கும்னு சொல்லி ஒண்ணு ஊத்திக் குடுப்பானுக பாரு, அவனுக எவனும் பாடுறவன் இல்லை.

துட்டு விசயம் சுருக்கமாச் சொல்றேன், ஏன்னா நீ கேக்கப் போறதில்லை. வைகாசியில நகையை மீட்டு ஐப்பசியில அடகு வைக்கிறது நம்ம ஆளுக வழக்கம். சித்திரையில வாங்குற சம்பளத்தைப் பாத்து வண்டிக்குத் தவணை போடாதே. வருஷ வரும்படி மொத்தத்தையும் கூட்டிப் பன்னெண்டால வகு. வந்த எண்ணைப் பாத்தா வண்டி ஆசை தானாப் போயிரும்.

டிவி, சினிமான்னு போட்டிருக்க. கலக்கப்போவது யாரு மேடையில நின்ன சிவகார்த்திகேயன் 2012-ல மெரினா படத்துல வந்தாருல்ல, அதைக் காட்டித்தானே எல்லாப் பயலும் சார்ட் போடுறீங்க? அவரு கூடவும் பின்னாடியும் அதே மேடையில நின்ன எத்தனை பேரு பேரு உனக்குத் தெரியும்? விரல் விட்டுச் சொல்லு பாப்போம். பரவை முனியம்மா ஊரு ஊராப் பாடித் திரிஞ்சு, தலை நரைச்ச பெறகுதான் 2003-ல தூள் படத்துல வந்துச்சு. அந்தம்மா எந்தச் சுவத்துலயும் சினிமான்னு எழுதி ஒட்டியிருக்காது. கூப்பிட வந்தப்ப பாட்டு கையில இருந்துச்சு, அம்புட்டுத்தான்.

நீ எழுத மறந்த ஆறாம் வருஷத்துக்கு வர்றேன். ராஜபார்ட்டுக்கு இடுப்பும் குரலும் எறங்குற காலம் ஒண்ணு வரும். ஸ்திரீபார்ட் பிள்ளைகளுக்கு அது இன்னும் வெள்ளனே வந்துருது. கெழட்டு முருகனைச் சகிச்சுக்கிற ஊரு, நாப்பது வயசு வள்ளியைச் சகிக்காது. இது நம்ம தொழிலோட அநியாயம், இதை எந்தக் கோட்டுக்காரரும் திருத்த வரமாட்டாரு. அதுக்குத்தான் ரெண்டாவது ஒண்ணு கையில வேணுங்கிறது. நம்ம வாத்தியாருக்கெல்லாம் வாத்தியாரு சங்கரதாஸ் சுவாமிகளையே பாரு. எமனாவும் சனீஸ்வரனாவும் நடிச்சு நடுங்க வச்ச மனுசன், வேசம் போடுறதை விட்டுட்டு நாடகம் எழுதவும் சொல்லிக் குடுக்கவும் போனாரு. அவரு வேசத்தைப் பாத்து ஒரு கர்ப்பிணிப் பொம்பளைக்கு ஆகாததாப் போச்சு, அதான் விட்டாருன்னு சொல்வாங்க. 1918-ல மதுரையில அவரு நடத்துன பால சபாவுல படிச்சவங்கதான் டி.கே.எஸ். சகோதரர்கள். அவரு 1922-ல போயிட்டாரு, நீ இன்னைக்கும் அவரு எழுதுன வள்ளி திருமணத்தை வச்சுத்தான் அரிசி வாங்குற. நீ சுவாமிகள் ஆக வேண்டாம். பெஞ்சுல உக்காந்திருக்கிற நாலு மாசத்துல ஆர்மோனியத்தைத் தொடக் கத்துக்க. நாரதர் பாடத்தை மனப்பாடம் பண்ணு. நாரதருக்கு வயசு கேக்க எந்த ஊருலயும் ஆளு கெடையாது.

கலைமாமணிக்கு அஞ்சே வருஷமா? உனக்கு முந்தியே கவர்மெண்டு நம்ம ஆளுகளுக்கு ஒரு திட்டம் போட்டு வச்சிருக்கு, அதையாவது பாத்தியா? மாவட்டக் கலை மன்றத்து விருது: 18 வயசு வரைக்கும் கலை இளமணி, 19-ல இருந்து 35 வரைக்கும் கலை வளர்மணி, 36-ல இருந்து 50 வரைக்கும் கலைச் சுடர்மணி, 51-ல இருந்து 65 வரைக்கும் கலை நன்மணி, 66-க்கு மேல கலை முதுமணி. அந்தக் கணக்குல நீ இப்ப வளர்மணி வயசு. கவர்மெண்டே நீ 66 தாண்டியும் மேடையில நிப்பேன்னு நம்பிக் கட்டம் போட்டு வச்சிருக்கு, நீ அஞ்சு வருஷத்துல கதையை முடிச்சுட்டு எங்கிட்டுப் போகப் போற?

அதை விட ஒரு அவசரச் சோலி இருக்கு. 2007-ல நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. உறுப்பினராப் பதிஞ்சவனுக்குப் பிள்ளைக படிப்பு, கல்யாணம், விபத்து, சாவுன்னு உதவித்தொகை உண்டு. நீ இன்னும் பதியலைன்னு தங்கச்சி சொல்லுது. வெள்ளனே எந்திரிச்சுக் கலை பண்பாட்டுத் துறையோட மதுரை மண்டல ஆபீஸுக்குப் போயி விசாரி. சனி ஞாயிறுல போயிக் கதவைத் தட்டிக்கிட்டு நிக்காதே. போட்டோ கையில கொண்டு போ. முருகன் வேசத்துல எடுத்தது ஆகாது, வெறும் மூஞ்சியில எடுத்தது ஒண்ணு இருந்தா எடுத்துக்க.