குட்டி யானை விகாரவியல்

பாயிரம் இல்லாமல் தொடங்கினால் புலவர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆகவே முதலில் அது. ஆக்கியோன்: தாதர் கிழக்கில் வாடகைக்குக் குடியிருப்பவன். எல்லை: தெற்கே திலக் பாலம், வடக்கே தாராவி 90 அடி சாலை, கிழக்கே வடாலா, மேற்கே போக்குவரத்துக் காவலர் எங்கே நிற்கிறாரோ அதற்கு இந்தப் பக்கம். நுதலிய பொருள்: சிமெண்ட், மணல், கம்பி, பிளைவுட் முதலானவற்றைப் பிக்கப் வண்டியின் முதுகில் ஏற்றிப் போகும் முறை. கேட்போர்: அவ்வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஹாரன் அடிப்போர். பயன்: முனைவர் பட்டம், அது கிடைக்காவிட்டால் பொன்னாடை.

காரணமும் சொல்லிவிடுகிறேன். மாட்டுங்காவில் ஒரு கருத்தரங்கு. அறிஞர் ஒருவர் தொல்காப்பியத்தில் கணினி இருப்பதை ஒன்றரை மணி நேரம் நிறுவினார். நான் மறுக்கவில்லை, காபி இன்னும் வராததால் எழுந்து போகவும் மனமில்லை. கணினி இருக்குமானால் டெம்போவும் இருந்தே தீர வேண்டும் என்று அப்போதே தோன்றிவிட்டது. தொல்காப்பியர் தாதருக்கு வந்ததில்லை என்பதற்கு இதுவரை எவரும் சான்று காட்டவில்லை. சான்று இல்லாமையையே சான்றாகக் கொள்வது நம் ஆய்வுலகில் நெடுநாளாக நிலைத்த நெறி ஆகலான், மேலே செல்வாம்.

முதற்கண் வண்டி. மும்பையில் சரக்கு ஏற்றும் சிறு வண்டி எதுவானாலும் டெம்போதான். ஹாம்பர்க் நகரத்து டெம்போ கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து 1958இல் எழுந்த பஜாஜ் டெம்போ நிறுவனம், 2005இல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதே 2005இல் டாடா ஏஸ் வந்தது; தமிழ்நாட்டில் குட்டி யானை, இங்கே சோட்டா ஹாத்தி. ஒரு கம்பெனி தன் பெயரையே விட்டுவிட்டது, வேறொரு கம்பெனி வேறொரு வண்டியைக் கொண்டுவந்தது. தாதர்க்காரர்கள் இரண்டையும் பொருட்படுத்தாமல் இன்னும் டெம்போ என்கிறார்கள்.

இந்தச் சிறு வண்டி ஏன்? பெரிய லாரிகளுக்குப் பகலில் நகருக்குள் கட்டுப்பாடு உண்டு. அதைவிடப் பெரிய காரணம் தெருக்கள். 1896இல் பிளேக் வந்து ஊரை உலுக்கியபின், 1898இல் பம்பாய் இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் பிறந்தது. தாதர், மாட்டுங்கா கிழக்குப் பகுதித் தெருக்கள் அது காற்றோட்டம் பார்த்து, கோடு கிழித்துப் போட்டவை. தாராவிச் சந்துகளுக்கு யாரும் கோடு கிழிக்கவில்லை. ஹிந்து காலனியில் மரநிழலில் நிற்கவும் தாராவியில் சந்துமுனை வரை மூக்கை நுழைக்கவும் ஒரே வண்டியால் முடிய வேண்டும் என்றால் அது சிறியதாகத்தான் இருக்கும்.

டாடா ஏஸ் சுமக்கலாம் என்று கம்பெனி சொன்ன எடை 750 கிலோ. சிமெண்ட் மூட்டை ஒன்று 50 கிலோ. ஆகப் பதினைந்து மூட்டை. இவ்விடத்தில் உரை வேறுபாடு உண்டு. (ஆதாரம்: சிமெண்ட் சாக்கில் பேனாவால் எழுதிய கணக்கு, முதலும் ஈறும் சிதைந்தது. ‘பதினைந்து’ என்பதை ‘இருபத்தைந்து’ எனப் பாடம் ஓதுவாரும் உளர். அவர் சரக்குக்குச் சொந்தக்காரர் என்க.) மணலுக்கு இங்கே கணக்கு பிராஸ், ஒரு பிராஸ் நூறு கன அடி, ஊரில் யூனிட் என்பார்களே, அதுவேதான். எடை ஏறக்குறைய நாலரை டன். நேர்மையாகப் போனால் குட்டி யானை ஆறு நடை அடிக்க வேண்டும். நேர்மையாகப் போனால் என்பது நிபந்தனை எச்சம்.

இனி நூல். பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பவணந்தியார் செய்யுள் விகாரம் ஆறு என்று நன்னூலில் வகுத்தார். சொல்லின் தலை, இடை, கடையில் குறைவன மூன்றையும் சேர்த்தால் ஒன்பது. செய்யுளின் அளவுக்குள் சொல் அடங்காதபோது செய்யும் வேலைகள் இவை. வண்டியின் அளவுக்குள் சரக்கு அடங்காதபோது செய்யும் வேலைகளும் இவையே என்று நான் கண்டுபிடித்தேன். இதை எனக்கு முன்பே கண்டுபிடித்ததாக யாராவது உரிமை கொண்டாடினால் அவரையும் டெம்போவில் ஏற்றிவிடலாம்.

வலித்தல் என்பது கயிற்றை இழுத்துக் கட்டுதல். ஒருவர் பக்கப்பலகையில் காலை ஊன்றி மூச்சைப் பிடித்து இழுப்பார். இன்னொருவர் பக்கத்தில் கைகட்டி நின்று “இன்னும், இன்னும்” என்பார். பின்னவர் உரையாசிரியர்.

மெலித்தல்: எடை போடும் இடத்தில் காண்க.

விரித்தல் சற்று நுட்பமானது. தார்ப்பாய் விரித்தல் என்று பாமரர் கொள்வர். அது மே மாதக் கடைசியில், மழைக்கு முன் கூரை வேய அலையும் நாட்களுக்கு மட்டும் பொருந்தும். உண்மையான விரித்தல் மணலில் நிகழ்வது. காய்ந்த மணலில் ஐந்தாறு சதவீதம் ஈரம் ஏறினால் ஒவ்வொரு துகளையும் நீர்ப்படலம் பிடித்துத் தள்ளிவைக்கும். அளவு கால் பங்கும் அதற்கு மேலும் வீங்கும். நன்றாகத் தண்ணீரில் மூழ்கடித்தால் பழையபடி அமர்ந்துவிடும். இந்தியத் தர நிர்ணய ஏடு 2386இன் மூன்றாம் பகுதி இதற்குச் சோதனையே சொல்கிறது: ஒரு கண்ணாடிக் குவளை, கொஞ்சம் தண்ணீர், ஓர் அளவுகோல் போதும். கன அடிக் கணக்கில் மணல் விற்பவர் வெயிலில் வாளியோடு நிற்பது தூசி அடங்கத்தானா என்பது ஆய்வுக்குரியது. (கடைச்சுவர், கரிக்கோட்டுக் கணக்கு, மூன்றாம் வரி. சுவருக்கு வெள்ளையடித்தபின் வந்த இரண்டாம் பதிப்பில் இவ்வரி நீக்கப்பட்டது. நீக்கியவர் கடைக்காரரா, பெயின்டரா என்பதில் கருத்தொற்றுமை இல்லை.)

தொகுத்தல், பலவற்றை ஒரே நடையில் ஏற்றுவது. கனமானது அடியில், பின்னச்சுக்குச் சற்று முன்னே, நொறுங்குவது மேலே, கடப்பா கல் படுக்கக் கூடாது, சாய்ந்து நிற்க வேண்டும், படுத்தால் முதல் குழியிலேயே இரண்டாகும். நச்சினார்க்கினியர் எங்கேயோ கிடக்கும் சொல்லைக் கொண்டுவந்து இங்கே கிடக்கும் சொல்லோடு கூட்டிப் பொருள் சொல்வார் என்று ஒரு புகழ் உண்டு. ஒரு கடையில் மணல், இன்னொரு கடையில் சிமெண்ட், மூன்றாவதில் லாதி என்னும் தரைக்கல் என்று கூட்டிக்கொண்டு வரும் டெம்போக்காரர் அந்த மரபில் வந்தவர். ஒரு வேறுபாடு, இவர் கொண்டுவருவது பொருந்துகிறது.

பிளைவுட்டுக்கு மட்டும் தனிச் சிக்கல். பலகை எட்டடிக்கு நாலடி. குட்டி யானையின் மேடை நீளம் ஏழடி சொச்சம். பின்கதவைத் திறந்துபோட்டுப் படுக்கவைத்து, பறக்காமலிருக்க மேலே ஓர் ஆளை உட்காரவைப்பார்கள். சரக்கு வண்டியின் பின்னால் ஆள் ஏறக் கூடாது என்பது சட்டம். ஆள் ஏறாவிட்டால் பலகை இறங்கிவிடும் என்பது இயற்பியல். எடைக்காக ஏற்றப்பட்ட அந்த மனிதர் உயர்திணையா அஃறிணையா? அவரையே கேட்டேன். “நான் டீ குடிக்கப் போறேன் அண்ணாச்சி, நீங்க கொஞ்சம் உக்காருங்க” என்றார். திணைமயக்கம்.

குறுக்கல், கம்பியை மடிப்பது. முறுக்குக் கம்பி 12 மீட்டர் நீளத்தில் வரும், வழக்கில் நாற்பதடி. விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து அதனாலேயே பெருக்கி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் கிடைக்கும். எட்டு மில்லிக் கம்பி மீட்டருக்கு 395 கிராம். மேஸ்திரி இதை பீடி பற்றவைத்துக்கொண்டே சொல்லிவிடுவார். அடிக்குறிப்பு இல்லாததால் கல்விப்புலம் ஏற்காது.

மடித்த கம்பி இருபதடி. வண்டி, மூக்கிலிருந்து வால்வரை பன்னிரண்டரை அடி. மிச்சம் ஏழரை. இந்த எண்ணின் பலனைத் தமிழ் வாசகர்க்கு விளக்க வேண்டியதில்லை.

இவ்வாறு நாம் நீட்டலுக்கு வந்து சேர்கிறோம். முன்பு கம்பி ஓரளவு பின்னால் நீட்டிக்கொண்டிருக்க மோட்டார் வாகன விதியில் இடம் இருந்தது. 2014இல் அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள். 2019இன் சட்டத் திருத்தம், வண்டியின் உடலுக்கு வெளியே சரக்கு நீட்டினால் 20,000 ரூபாய் அபராதம் என்றது. சட்டம் ‘நீட்டாதே’ என்றது. சாலை அதை ‘நுனியில் சிவப்புத் துணி கட்டு’ என்று பொருள்கொண்டது. மூலத்தில் இல்லாததை இப்படிப் பெறுவதை உரையிற்கோடல் என்பர். அபராதம் துணிக்கு அல்ல, நீட்டலுக்கே என்று சொல்லிப் பார்த்தேன். “துணி இல்லாம போனா தப்பு சார்” என்றார் டிரைவர், என்னைச் சட்டம் தெரியாதவனாக மதித்து.

துணி பற்றிய ஆய்வில் இரு கட்சிகள். செம்மைவாதிகள், நிறம் சிவப்பாக இருந்தாக வேண்டும், துணியாக இருப்பது கட்டாயமில்லை என்பர். இவர்கள் சிவப்பு பிளாஸ்டிக் பையையும், கயிறு அறுந்த ராக்கியையும், ஒருமுறை மிளகாய்த்தூள் பாக்கெட்டையும் ஏற்றுள்ளனர். துணிவாதிகள், துணியாக இருந்தால் போதும், சிவப்பு என்பது உபலக்கணம் என்பர். பழைய பனியன் இவர்கள் கண்டது. இரு கட்சியாரும் ஒருவரை ஒருவர் மேற்கோள் காட்டுவதில்லை, ஒரே விழாவில் இருவருக்கும் மாலை போட்டால் தவிர. நடுநிலையார் சிலர், முன்னொரு காலத்தில் சிவப்பாக இருந்து இப்போது புழுதி நிறத்தில் இருக்கும் துணி, ‘சிவந்த’ என்ற பெயரெச்சத்தின் இறந்தகாலத்தால் சிவப்பே எனச் சாதிப்பர். அற்றேல், பின்னால் வரும் ஸ்கூட்டர்க்காரர் பெயரெச்சம் படித்தவராக இருக்க வேண்டுமே எனின், அது நம் துறை அன்று என்க.

காலக் கணிப்பு இன்னும் கடினம். துணியின் காலம் கி.மு.வா, கி.பி.யா, அதாவது கிளம்புமுன் கட்டியதா, கிளம்பியபின் காவலரைக் கண்டு கட்டியதா? அகச்சான்றாக எண்ணெய்க் கறையையும் புறச்சான்றாக வெயில் வெளுப்பையும் கொள்ளலாம். ஹிந்த்மாதாவில் மழைக்குத் தேங்கும் தண்ணீரில் போய்வந்த துணியில் சேற்றுக்கோடு மரத்தின் ஆண்டு வளையம்போல் விழும். கோடுகளை எண்ணி எத்தனை மழைக்காலம் கண்டது எனலாம். (மூலம்: ‘செந்துணிக் கோவை’, ஒரே பிரதி. கிடைத்த இடம்: கிங்ஸ் சர்க்கிள் ரயில் பாலத்தடி, உயரமான லாரிகள் வந்து தலையை முட்டிக்கொள்ளும் அதே இடம். பிரதியின் நிலை: ஒரு முனை கம்பியில், மறுமுனை ஒரு ஆட்டோவின் கண்ணாடியில். முதற்பகுதி பெட்டிக்கோட்டு நாடா என்றும், இடைச்செருகல் பள்ளிக்கூட டை என்றும், கடைப்பகுதி கணபதி பந்தல் துணி என்றும் மூவர் தனித்தனியே பதிப்பித்தனர். மூவரும் பார்த்தது ஒரே முடிச்சு. நான்காவதாக ஒருவர் துணியைப் பார்க்காமலே அதன் காலத்தை ஐந்நூறு ஆண்டு முன்தள்ளினார், டெம்போ அவர் ஊர்க்காரருடையது என்பதால்.)

செந்துணி எதற்காக என்ற கேள்வியை மட்டும் எவரும் எழுப்பவில்லை. கம்பி நுனி வண்டி ஆடும்போதெல்லாம் மேலும் கீழும் அடிக்கும். துணி அந்த நுனியைக் காட்டுவதோடு கொஞ்சம் மறைக்கவும் செய்யும். இருட்டில் சிவப்பும் கறுப்பும் ஒன்று. ஆனால் பயன்பாடு பற்றிப் பேசுவது ஆய்வுக்கு அழகில்லை.

எஞ்சிய மூன்று. முதற்குறை கடையில் நிகழும், மெலித்தலில் சொன்னேன். இடைக்குறை வழியில் சிந்துவது. 1912ஆம் ஆண்டின் சயான் ரயில் மேம்பாலத்தை இடிப்பதற்காக 2024 ஆகஸ்டில் வண்டிகளுக்கு மூடியபின், தாராவி போகும் சரக்கு சுற்று வழியில் கூடுதல் குழிகளைச் சந்தித்தது. குழிக்கு ஒரு கைப்பிடி மணல் என்று வைத்துக்கொண்டால் சாலைப் பராமரிப்பில் டெம்போக்களின் பங்கு புலனாகும்.

கடைக்குறைதான் இந்நூலில் எடை மிக்கது. இதற்கு உதாரணம் தேடி நூலகம் போக வேண்டாம். வண்டி 90 அடி சாலையில் நின்றுவிடும். வீடு அதற்கு உள்ளே, இரண்டு கையையும் விரித்தால் இருபக்கச் சுவரும் தட்டும் சந்தில், ஏணி வைத்து ஏறும் மேல்மாடியில். குடிசைப் பகுதி வீட்டுக்கு 14 அடிதான் உயரம் என்று மாநகராட்சி கணக்கு வைத்திருப்பதால் அந்த ஏணி செங்குத்தாகவே நிற்கும். டாடா கம்பெனியின் 750 கிலோவும் இங்கே தலைக்கு மாறும்: சும்மாடு, அதன்மேல் மூட்டை, குனிந்த கழுத்து, குறுக்கே தொங்கும் மின்சார ஒயர், காலடியில் சாக்கடைமூடி. கூலி மூட்டைக்கு இவ்வளவு, மாடிக்கு இவ்வளவு கூட. வண்டி வாடகையைப் பேரம் பேசாமல் கொடுத்தவர் இந்தக் கடைசி நூறடிக்குப் பேரம் பேசுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அதற்குப் பவணந்தியாரிடம் விகாரப் பெயர் இல்லை, நானும் இடவில்லை.

புறனடை: வெறும் வண்டி திரும்பாது. உடைத்த சுவர், பெயர்த்த லாதி எல்லாம் சாக்கில் கட்டி டெப்ரிஸ் ஆக ஏறும். கட்டட இடிபாடுகளை எங்கே, எப்படிக் கொட்ட வேண்டும் என்று 2016இலேயே மத்திய அரசு விதி வகுத்தது. விதி தாளில் தெளிவாக இருக்கிறது. சாக்கு விடியற்காலையில் வேறு யாரோ வீட்டு மதிலோரம் இருக்கிறது.

இந்நூலுக்கு மறுப்பு எழுத விரும்புவோர் எழுதலாம். முன்னதாக ஒரு மூட்டையை ஒரு மாடி ஏற்றிவிட்டு வந்தால் வாசிக்கிறேன். மற்ற வாசகர்க்கு ஒரே வேண்டுகோள்: இரவில் கம்பி ஏற்றிய டெம்போவுக்குப் பின்னால் போக நேர்ந்தால் துணி இருக்கிறதா என்று தேடாதீர்கள், இரண்டு வண்டி நீளம் தள்ளியே போங்கள்.