பல் குத்தும் குச்சியின் வெற்றி

அமெரிக்க செனட்டர் டாம் ஹார்கினுக்கு ஒவ்வாமை. தேனீக்கள் சேர்க்கும் மகரந்தத்தைச் சாப்பிட்டார். அதில்தான் குணமானது என்று நம்பினார். வேறு யாராவது என்றால் பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவிட்டு ஓய்ந்திருப்பார்கள். இவரோ மருத்துவ ஆய்வுப் பணத்தைப் பங்கிடும் செனட் துணைக்குழுவின் தலைவர். 1991இல் தேசிய சுகாதார நிறுவனங்களின் கணக்கில் 20 லட்சம் டாலரைச் சேர்த்து, மாற்று மருத்துவத்தை ஆராய ஓர் அலுவலகத்தையே திறக்கவைத்தார். மூக்கு அவருடையது, செலவு ஊராருடையது.

1998இல் அலுவலகம் தனி மையமானது. 2009இல் அசோசியேட்டட் பிரஸ் கணக்குப் பார்த்தபோது பத்தாண்டுச் செலவு 250 கோடி டாலர். சளிக்கு எக்கினேசியா மூலிகை, மறதிக்கு ஜின்கோ மூலிகை என்று பெரிய பெரிய சோதனைகள் நடந்தன. வெற்று மாத்திரையை இவை முந்தவில்லை. உண்மையைச் சொன்ன ஆய்வாளர்களுக்கு நன்றி கிடைத்ததா? அதே ஆண்டு பிப்ரவரியில் செனட் விசாரணையில் ஹார்கின் மனம் நொந்து பேசினார். மாற்று சிகிச்சைகளை ஆராய்ந்து மெய்ப்பிக்கத்தான் மையம் வைத்தோம், அது பொய்யென்று காட்டுவதிலேயே குறியாக இருக்கிறதே என்றார். ஐயா, முடிவு முன்பே தெரியுமென்றால் நோயாளிகளை எதற்குக் குப்புறப் படுக்கவைத்தீர்கள்?

படுக்கவைத்தது உண்மை. அந்த மையத்தின் பணத்தில் முதுகுவலிக்கு நடந்த அக்குபஞ்சர் சோதனை ஒன்று 2009 மே மாதம் வெளியானது. நாள்பட்ட வலிக்காரர்கள் 638 பேர், நான்கு பிரிவு. ஒரு பிரிவுக்கு ஆளுக்கேற்பப் புள்ளி தேர்ந்து ஊசி. இன்னொன்றுக்கு எல்லோருக்கும் ஒரே புள்ளிகள். நான்காவதற்கு வழக்கமான சிகிச்சை. மூன்றாம் பிரிவுக்குத்தான் நான் எழுந்து நின்று கைதட்டுவேன்: ஊசிக்குழாய்க்குள் பல் குத்தும் குச்சியை விட்டு, தோலைத் துளைக்காமல் புள்ளிகளில் அழுத்தினார்கள். எட்டு வாரம் கழித்துப் பார்த்தால், ஊசியானாலும் குச்சியானாலும் சுமார் 60 சதவீதம் பேருக்கு நடமாட்டம் தேறியிருந்தது. வழக்கமான சிகிச்சையில் 39 சதவீதம்.

நாடி, சக்தி ஓட்டம், ஆண்டுக்கணக்கில் பயிற்சி எல்லாம் ஒன்றுகூடி, ஓட்டல் கல்லாவில் சும்மா கிடக்கும் குச்சியோடு சமன் செய்தன. ஆனாலும் அக்குபஞ்சர் அன்பர்கள் இதைத் தங்கள் வெற்றியாகவே கொண்டாடினார்கள். வழக்கமான சிகிச்சையைக் குச்சியும்தானே வென்றது? குச்சிக்கு ஏன் இன்னும் கல்லூரி இல்லை?

ஜெர்மனிக்காரர்கள் இன்னும் சாமர்த்தியசாலிகள். அங்கே காப்பீட்டு நிதியங்களே செலவுசெய்து நடத்திய முதுகுவலிச் சோதனையில் 1162 பேர். ஆறு மாதம் கழித்துத் தேறியவர்கள்: சரியான இடத்தில் ஆழக் குத்தியபோது 47.6 சதவீதம், தப்பான இடத்தில் மேலோட்டமாகக் குத்தியபோது 44.2, மருந்தும் உடற்பயிற்சியும் கொண்ட முறையான சிகிச்சையில் 27.4. எங்கே குத்தினாலும் ஒன்றுதான் என்று தெரிந்ததும் என்ன செய்வார்கள்? 2006இல், முதுகுவலி ஊசிக்குக் காப்பீடு பணம் தரும் என்று முடிவெடுத்தார்கள்.

அந்த 27.4தான் என்னை எரிச்சலூட்டுகிறது. அந்தப் பிரிவில் இருந்தவர்களும் சராசரியாக எட்டு ஆண்டு வலியோடு வாழ்ந்தவர்கள். புதிதாக ஏதோ கிடைக்கும் என்று வந்தவர்களிடம் பழைய மாத்திரையையும் பழைய பயிற்சியையும் நீட்டினார்கள். தமக்குக் கிடைத்தது ஊசியா இல்லையா என்பதை எந்த மறைப்பாலும் அவர்களிடமிருந்து ஒளிக்க முடியாது. அவர்களுடைய ஏமாற்றத்தின் மேல் ஏறி நின்றுதான் ஊசி உயரமாகத் தெரிந்தது. முறையான மருத்துவம் முக்கால்வாசிப் பேரைக் கைவிட்டிருக்கிறதே, அதற்கு எந்த நாடாளுமன்றத்தில் யார் மனம் நொந்தார்கள்?

ஒவ்வாமைக்கும் ஜெர்மனியில் ஒரு சோதனை உண்டு. 2013இல் வெளியானது, 422 பேர், மகரந்தத்தால் தும்முகிறவர்கள். ஊசிப் பிரிவு, போலி ஊசிப் பிரிவு, ஊசியே இல்லாத பிரிவு. மூன்றின் கையிலும் வேண்டியபோது போட்டுக்கொள்ள செட்ரிசின் என்ற ஒவ்வாமை மாத்திரை! உண்மை ஊசி இந்த முறை போலியைச் சற்று முந்தியது, மறுக்கவில்லை. எட்டாம் வாரத்தில் இருந்த அந்த வித்தியாசம் பதினாறாம் வாரத்தில் காணாமல் போனது. நோயாளிக்கு அது உணரும்படியான பயனா என்று ஆய்வாளர்களே தயங்கினார்கள். மாத்திரையோடு கைகோத்து வந்தும் இவ்வளவுதான்.

சிகிச்சை வழிகாட்டுதல் தரும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2009இல் முதுகுவலிக்கு ஊசியைப் பரிந்துரைத்தது. 2016இல் சான்றுகளை மறுபடி புரட்டி, போலியை விட மேலாக இல்லை என்று கண்டு, கொடுக்காதீர்கள் என்றது. எழுதியதை அடிக்க ஒரு கோடு போதும், ஆனால் அதைப் போடக் கொஞ்சம் வெட்கம் வேண்டும். ஜெர்மன் காப்பீடு ஊசிக்கான பில்லை இன்றும் கட்டிக்கொண்டிருக்கிறது. அதே வேலையைச் செய்த குச்சியோடு யாராவது போய் நின்றால், பில் புத்தகம் எங்கே என்று கேட்டுத் துரத்திவிடுவார்கள்.