புளியங்கொட்டைக் கணக்கு

1993இல் எனக்குக் கிடைத்த ஆலோசகர் பயிற்சியில் முதல் நாள் முழுக்க ஈரல் படம்தான். நல்ல ஈரல், கொழுப்பேறிய ஈரல், சுருங்கிப்போன ஈரல் என்று பெரிய வண்ணச் சார்ட். இரண்டாம் நாள் அறிவுரை சொல்லும் முறை. மூன்றாம் நாள், குடிப்பவர் "எனக்கு ஒண்ணும் இல்லீங்க" என்று மறுத்தால் அந்த மறுப்பை எப்படி உடைப்பது என்று பாடம். 'உடைப்பது' என்றேதான் சொல்லிக்கொடுத்தார்கள். நோட்டில் அடிக்கோடு போட்டு எழுதிக்கொண்டேன்.

அந்த நோட்டோடு காங்கேயம் வந்து, ஊருக்கு வெளியே ஒரு சின்ன மறுவாழ்வு மையத்தில் வேலைக்கு உட்கார்ந்தேன். சுற்றிலும் தேங்காய் உலர்களங்கள். ஜன்னலைத் திறந்தால் கொப்பரை வாசம். முதல் மாதத்தில் வந்தவர்களில் ஒருவர் களத்தில் தேங்காய் உடைப்பவர். காலை ஒன்பது மணிக்கே வந்துவிட்டார். தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தும் சட்டையெல்லாம் சிந்தியது. நான் சார்ட்டைக் காட்டினேன். பிள்ளைகளைத் தெருவில் விடப்போகிறீர்களா என்று கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் "சரிங்க, சரிங்க" என்றார். கிளம்பும்போது கும்பிட்டார். அதற்குப் பிறகு வரவே இல்லை.

அவ்வளவு கை நடுக்கத்தோடு வந்தவரை முதலில் டாக்டரிடம் அனுப்பியிருக்க வேண்டும். பல வருஷம் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பு வரலாம், சித்தம் கலங்கலாம், உயிரேகூடப் போகலாம். எனக்கு அதை யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. அவர் என்ன ஆனார் என்று தெரியாத வலி இன்றுவரை எனக்குள் இருக்கிறது.

என்னை மாற்றியவர் டிரைவர் அண்ணன். வடக்கே லோடு ஓட்டியவர். குடியை விட்டு ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. மையத்தில் கணக்கு எழுதுவார், புதிதாக வருபவர்களுக்குத் துணை இருப்பார். தேங்காய் உடைப்பவர் வராமல் போன வாரம் என்னிடம் வந்து சொன்னார்: "ஏனுங் தம்பி, செக்போஸ்ட்டுல கேக்கற மாதிரியே கேக்கறீங்களே. பேப்பரக் காட்டிட்டுக் கெளம்பலாம்னுதான அவுங்களுக்குத் தோணும்?"

மறுநாளிலிருந்து, வருபவர்களிடம் சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு, எனக்குப் பின்னால் தட்டி ஓரமாக உட்கார்ந்தார். மடியில் இரண்டு தேங்காய்த் தொட்டி, கையில் ஒரு பிடி புளியங்கொட்டை. நான் ஒரு கேள்வி கேட்டால் இடது தொட்டியில் ஒன்று. எதிரில் இருப்பவர் சொன்னதை உள்வாங்கி அவருக்கே திருப்பிச் சொன்னால் வலது தொட்டியில் ஒன்று. முதல் நாள் இடதில் முப்பத்தொன்று, வலதில் இரண்டு. கொட்டி எண்ணிக் காட்டிவிட்டு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. எட்டு மாதம் அப்படியே உட்கார்ந்தார். வலது தொட்டி இடதோடு சமமாக எனக்கு அந்த எட்டு மாதமும் தேவைப்பட்டது.

அந்த நாளில் தமிழ்நாட்டில் முறையான வழி இல்லாமல் இல்லை. கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், அவர் பெயரிலேயே 1980இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கியிருந்தார். 'குடிகாரன்' என்ற பேச்சை விட்டுவிட்டு 'குடிநோயாளி' என்று சொல்ல நாங்கள் பழகியதில் அந்த இடத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தச் சொல் என் வாய்க்கு வந்துவிட்டது. தொனி வர நாளாயிற்று.

பின்னாளில் படித்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. நான் சார்ட்டைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்த அதே 1993இல், அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லரும் அவரோடு இருந்தவர்களும் ஒரு ஆய்வை வெளியிட்டிருந்தார்கள். ஆலோசகர் எவ்வளவுக்கு எதிர்த்து நின்று பேசினாரோ, ஒரு வருஷம் கழித்து எதிரில் இருந்தவர் அவ்வளவுக்கு அதிகமாகக் குடித்திருந்தார். எதிர்த்து நிற்காமல் கேட்டுப் பேசும் தன் வழி மில்லருக்கே பிடிபட்டது ஒரு பயிற்சி அறையில்தான். 1982இல் நார்வேயின் பெர்கன் நகரில், இளம் உளவியலாளர்கள் நோயாளி போல நடித்துக்கொண்டே அவரை நடுநடுவே நிறுத்தி, இப்போது ஏன் இதைச் சொன்னீர்கள், ஏன் அதைக் கேட்கவில்லை என்று விடாமல் கேட்டிருக்கிறார்கள். பதில் சொல்லப்போய்ப் பிறந்ததுதான் அடுத்த வருஷம் அவர் எழுதிய கட்டுரை. இன்று அந்த முறையில் ஆலோசகரின் பேச்சைப் பதிவு செய்து எண்ணுகிறார்கள். ஒரு கேள்விக்கு இரண்டு திருப்பிச் சொல்லல் இருந்தால் நல்ல தேர்ச்சி. டிரைவர் அண்ணனின் தொட்டிக் கணக்கேதான்.

இப்போது நான் பயிற்சி கொடுக்கும் இடத்தில் இருக்கிறேன். ஈரல் சார்ட் இல்லை. கொழும்புத் திட்டம் என்ற பன்னாட்டு அமைப்பின் பாடநூல் இருக்கிறது, குடிப் பழக்கத்தை அளக்க உலக சுகாதார நிறுவனத்தின் பத்துக் கேள்விப் படிவம் இருக்கிறது, போதை மீட்பு உதவிக்கு 14446 என்ற இலவச எண் இருக்கிறது. சொல்லித்தரும் விஷயம் முப்பது வருஷத்துக்கு முந்தியதைவிட எவ்வளவோ மேல். ஆனால் மூன்று நாள், ஒரு அரங்கம், சான்றிதழ், ஃப்ளெக்ஸ் முன்னால் ஒரு போட்டோ, அத்தோடு முடிந்தது. அன்று எனக்குத் தந்த பாடம் தப்பு, பின்னால் உட்கார ஆள் இருந்தார். இன்று பாடம் சரி, அந்த நாற்காலி காலி.

2001இல் வெளிவந்த ஆய்வில் மில்லர், ஒரே ஒரு பயிலரங்குக்குப் பிறகு ஆலோசகர்களின் பதிவுகளைக் கேட்டுப் பார்த்தார். தாங்கள் நன்றாக மாறிவிட்டதாக அவர்கள் நம்பினார்கள். பதிவில் மாற்றம் கொஞ்சமே. 2004இல் வெளியான, 140 பேரைக் கொண்டு செய்த ஆய்வில், பதிவைக் கேட்டுக் குறை நிறை சொல்வது, தொலைபேசியில் தொடர்ந்து வழிகாட்டுவது இவற்றில் ஒன்றாவது பயிலரங்கோடு சேர்ந்தபோது தேர்ச்சி கூடியது. இந்தத் தொடர் வழிகாட்டலைச் செலவு என்று பார்ப்பவர்களிடம் நான் எய்ம்ஸின் 2019 அறிக்கையைச் சொல்வேன்: நம் நாட்டில் மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதோ ஒரு சிகிச்சை கிடைக்கிறது. அந்த ஒருவரையும் வாசலில் வைத்தே இழப்பதா?

சென்ற மாதம் திருப்பூரில் ஒரு வகுப்பு. நான் பவர்டேபிள் தையல் மெஷின் ஓட்டும் குடிநோயாளியாக நடித்தேன். "சனிக்கெழம சம்பளம் கைக்கு வந்துட்டா, கால் தானாப் போயிருதுங் மேடம்." எதிரில் இருந்த பெண், எத்தனை வருஷமாகக் குடிக்கிறீர்கள் என்றாள். நிறுத்தி, மறுபடி அதே வரியைச் சொன்னேன். இந்த முறை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு மெதுவாக, "மனசு வேண்டாங்குது, கால் கேக்கமாட்டேங்குது" என்றாள்.

"ஆமாங் மேடம். போன வாரம் பாதி வழியில திரும்பி வந்துட்டேன்." நான் யோசித்து வைத்திருந்த வசனம் அல்ல அது. அவள் சொன்ன சொல் இழுத்துக்கொண்டு வந்தது.

போட்டோ முடிந்ததும் எல்லோருக்கும் என் எண்ணைக் கொடுத்தேன். கூட வேலை செய்பவரோடு நடித்துப் பழகி, மாதம் ஒரு இருபது நிமிஷப் பதிவு அனுப்புங்கள், ஞாயிறு சாயங்காலம் நானே கூப்பிடுகிறேன் என்றேன். இருபத்திரண்டு பேரில் ஏழு பேர் அனுப்புகிறார்கள். மற்றவர்களையும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

நேற்று ராத்திரி அந்தப் பெண்ணின் பதிவு வந்தது. பின்னால் பக்கத்து பனியன் கம்பெனியின் ஓவர்லாக் சத்தம். டிரைவர் அண்ணன் விட்டுப்போன இரண்டு தொட்டியையும் எடுத்து மேஜைமேல் வைத்துக்கொண்டு கேட்க உட்கார்ந்தேன்.