ஓரங்கட்டச் சொன்னால்...
வாசகர் கேள்வி-பதில்

பால் வியாபாரி, அவலூர்பேட்டை: தூரத்தில் செக்கிங் தெரிந்ததுமே கை தானாக வண்டியைச் சந்துக்குள் திருப்புகிறது. இதற்கு என்ன மருந்து?

ஹெல்மெட், லைசென்ஸ், இன்சூரன்ஸ். மூன்றும் இருந்தால் கை தானாக நேரே போகும். 2022 அக்டோபரில் தமிழ்நாட்டில் அபராதங்கள் உயர்ந்தன. ஹெல்மெட் இல்லையென்றால் 1,000 ரூபாய், இன்சூரன்ஸ் இல்லையென்றால் முதல் முறை 2,000, லைசென்ஸ் இல்லையென்றால் 5,000. நூறு சிசி பைக்குக்கு ஓராண்டு மூன்றாம் நபர் காப்பீடு எடுக்க அந்த 2,000 கூட ஆகாது. லாரி வருகிற ரோட்டில் திடீரென்று வண்டியைத் திருப்புவதற்கான அபராதத்தை மட்டும் எந்த அரசாணையாலும் குறைக்க முடியாது.

கல்லூரி மாணவி, செஞ்சி: ஆர்.சி., லைசென்ஸை செல்போனில் காட்டினால் ஏற்பார்களா?

ஏற்க வேண்டும். 2017இல் அசல் லைசென்ஸ் கையில் இருந்தே தீர வேண்டும் என்று தமிழக அரசு அறிவித்துப் பெரிய சர்ச்சையானது. அடுத்த ஆண்டு நவம்பரில் மத்திய மோட்டார் வாகன விதி 139 திருத்தப்பட்டு, ஆவணங்களை மின்னணு வடிவிலும் காட்டலாம் என்றானது. டிஜிலாக்கர், எம்பரிவாகன் செயலிகளில் இருப்பவை செல்லும். கேலரியில் இருக்கும் மங்கலான போட்டோவைக் காட்டிவிட்டு வாதாடாதீர்கள்.

மெக்கானிக், வளத்தி: வண்டியை நிறுத்தியதும் முதல் வேலையாகச் சாவியைப் பிடுங்கிக்கொள்கிறார்களே, சரியா?

சரியில்லை. சீருடையில் இருக்கும் காவலர் கேட்டால் லைசென்ஸைக் காட்ட வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 130ஆம் பிரிவு. பதிவு, பர்மிட் போன்றவை இல்லாத வண்டியைப் பிடித்து வைக்க 207ஆம் பிரிவு இருக்கிறது. லைசென்ஸை வாங்கி வைத்தால் அத்தாட்சிச் சீட்டு தர 206ஆம் பிரிவு இருக்கிறது. சாவியைப் பிடுங்கு என்று அந்தச் சட்டத்தில் ஒரு பிரிவும் இல்லை. நீங்கள் ஒன்று செய்யலாம்: நின்றதும் நீங்களே எஞ்சினை அணைத்துவிடுங்கள். வண்டி ஓடிவிடுமோ என்ற சந்தேகம் அவருக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.

இல்லத்தரசி, மேல்மலையனூர்: நிற்காமல் போகிறவரைப் போலீஸ் துரத்தித்தானே ஆகவேண்டும்?

கொள்ளையன் என்றால் துரத்தட்டும். ஹெல்மெட் போடாதவரைத் துரத்த வேண்டியதே இல்லை. நம்பர் பிளேட்டைக் குறித்தால் அபராதம் வீட்டுக்கே போகும்.

2018 மார்ச் 7ஆம் தேதி திருச்சி அருகே நடந்ததை மறக்கக் கூடாது. மனைவியுடன் பைக்கில் போன ஒருவர் சோதனையில் நிற்கவில்லை என்று போக்குவரத்து இன்ஸ்பெக்டர் ஒருவர் விரட்டிப் போய் வண்டியை உதைத்ததாகப் புகார் எழுந்தது. கீழே விழுந்த அந்தப் பெண் இறந்துபோனார். மறுநாள் உலக மகளிர் தினம். மக்கள் ஆயிரக்கணக்கில் மறியலில் உட்கார்ந்தார்கள். இன்ஸ்பெக்டர் கைதானார். 2021 ஜூனில், ஊரடங்கு நேரத்தில், சேலம் மாவட்டம் பாப்பநாயக்கன்பட்டி சோதனைச் சாவடியில் லத்தியால் அடிக்கப்பட்ட மளிகைக் கடைக்காரர் ஒருவர் மறுநாள் உயிரிழந்தார். அங்கேயும் ஒரு சிறப்பு உதவி ஆய்வாளர் (எஸ்.எஸ்.ஐ.) கைதானார்.

ஹெல்மெட் சட்டம் இருப்பது மண்டை உடையாமல் இருக்கத்தான். அதை அமல்படுத்தப் போய் உயிர் போகிறது என்றால் சட்டம் தோற்றுவிட்டது என்று பொருள்.

காவலரின் மனைவி, செஞ்சி: நாள் முழுக்க வெயிலில் நிற்கிறவர்களின் கஷ்டத்தை யாராவது எழுதுகிறீர்களா?

எழுத வேண்டும் அம்மா. 2020 ஜனவரி 8 அன்று களியக்காவிளை சோதனைச் சாவடியில் பணியிலிருந்த எஸ்.எஸ்.ஐ. வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். 2021 நவம்பரில் ஆடு திருடர்களின் பைக்குகளை விரட்டிப் போன நவல்பட்டு எஸ்.எஸ்.ஐ. பூமிநாதன் கீரனூர் அருகே வெட்டிக் கொல்லப்பட்டார். வருகிற வண்டியில் யார் இருக்கிறார்கள் என்பது கையை நீட்டி மறிக்கும் காவலருக்குத் தெரியாது. ஆகவே இரவில் நிறுத்தினால் வண்டியின் உள்விளக்கைப் போடுங்கள், கைகளை ஸ்டியரிங்கில் வையுங்கள், ஒரு வணக்கம் சொல்லுங்கள். அவருக்கும் வீட்டில் காத்திருக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், சேத்துப்பட்டு: எழுபது வயதில் என்னை "யோவ்" என்று கூப்பிட்டார் ஓர் இளம் காவலர். அபராதத்தைவிட அதுதான் வலிக்கிறது.

வலிக்கத்தான் செய்யும். 2021 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், பொதுமக்களைப் போலீசார் 'எடா', 'எடி' என்று அழைக்கக் கூடாது என்றது. அம்மாநில டி.ஜி.பி.யும் சுற்றறிக்கை அனுப்பினார். "ஐயா, வண்டிய ஓரங்கட்டுங்க" என்று சொல்ல நிதி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை. நம் காவல் துறையும் அப்படி ஓர் உத்தரவு போடட்டும். போடும்வரை காத்திராமல் ஒவ்வொரு நிலையத்திலும் ரோல்கால் நேரத்தில் ஆய்வாளர் சொன்னாலே போதும்.

லோடு ஆட்டோ ஓட்டுநர், கீழ்பென்னாத்தூர்: "கேஸ் வேணுமா, இருநூறு வேணுமா?" என்று கேட்டால்?

"கேஸ் போடுங்க சார்" என்று பணிவாகச் சொல்லுங்கள். ரசீது இல்லாத இருநூறு லஞ்சம். வாங்குபவரோடு கொடுப்பவரும் தப்புக்கு உடந்தை. இ-சலான் போட்டால் தேதி, இடம், பிரிவு எல்லாம் பதிவாகும். குற்றமே செய்யவில்லை என்றால் அபராதத்தைக் கட்டாமல் நடுவர் நீதிமன்றத்தில் வாதாடும் உரிமை உங்களுக்கு உண்டு. அடித்தாலோ அவமதித்தாலோ மாவட்ட எஸ்.பி.க்கு எழுதுங்கள். மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் ஓராண்டுக்குள் புகார் அனுப்பலாம்.

மளிகைக் கடைக்காரர், அவலூர்பேட்டை: அமாவாசைக்கு மேல்மலையனூர் போக சரக்கு மினி வேனில் இருபது பேர் ஏறினோம். வழியில் இறக்கிவிட்டார்கள். சாமி கும்பிடப் போகிறவர்களிடம் இப்படியா?

இறக்கிவிட்டவருக்கு நன்றி சொல்லுங்கள். சரக்கு வண்டியில் சும்மா ஏறி வந்த பயணிக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் பொறுப்பேற்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2002இலேயே தீர்ப்பளித்துவிட்டது. வேன் கவிழ்ந்தால் இருபது குடும்பங்களும் நஷ்ட ஈட்டுக்கு வண்டிக்காரரின் வாசலில்தான் நிற்க வேண்டும். மேல்மலையனூர் அமாவாசை ஊஞ்சல் உற்சவத்துக்குப் போக பஸ் இருக்கிறது.

டியூஷன் ஆசிரியை, செஞ்சி: பதினைந்து வயதுப் பையன்கள் பைக்கில் வருகிறார்கள். பிடித்தால் பையனைத்தானே கேட்பார்கள்?

அப்பாவையும் கேட்பார்கள். 199ஏ பிரிவின்படி பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவு ஓராண்டு ரத்தாகும். பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. டியூஷன் வாசலில் ஒரு நோட்டீஸாக இதை ஒட்டிவிடுங்கள்.

இளைஞர், நாட்டார்மங்கலம்: 'போலீஸ்', 'பிரஸ்' ஸ்டிக்கர் ஒட்டினால் விட்டுவிடுவார்களாமே?

சென்னையில் 2024 மே மாதமே அந்த ஸ்டிக்கர்களைக் கிழிக்கத் தொடங்கிவிட்டார்கள். சட்டத்தை அமல்படுத்தும் அதிகாரியே விதியை மீறினால் அபராதம் இரட்டிப்பு என்கிறது 210பி பிரிவு. "நான் யார் தெரியுமா?" என்று கேட்கிறவருக்கும், கவுன்சிலருக்குப் போன் போடுகிறவருக்கும் சட்டம் வைத்திருக்கும் பதில் ஒன்றுதான்: லைசென்ஸை எடுங்கள்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கை காட்டினால் நில்லுங்கள். காவலர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நின்றவரை மரியாதையாக நடத்துங்கள். நின்றால் மரியாதை கிடைக்கும் என்ற நம்பிக்கை ஊரில் வந்துவிட்டால், ஓடுகிறவர்கள் குறைவார்கள். துரத்த வேண்டிய வேலையும் இருக்காது.