புறாவும் பேராண்டியும்

வாடா பேராண்டி, அந்த நோட்ட மூடு. தெறந்து வச்சிருந்தப்பவும் ஒண்ணும் உள்ள போகல.

நம்ம நெய்வேலி கம்பெனி எப்பத் தொடங்குனாங்க? பட்டுனு 1956ங்கிற. சரி, 1956ல நம்மூர்ல என்ன நடந்துச்சு? ஏன் மோட்டுவளையப் பாக்குற?

விடு, உனக்கு ஒரு கூட்டாளி இருக்கு. அதோ, குவார்ட்டர்ஸ் சன்ஷேடுல குந்தியிருக்கே, புறா. அமெரிக்காக்காரங்க அந்த ஜாதியப் பொட்டிக்குள்ள விட்டு மூணு பட்டன் வச்சாங்க. நடுவுல செவப்பு எரியும். அதக் கொத்துனா ரெண்டு ஓரமும் எரியும், ஒண்ணு செவப்பு, ஒண்ணு பச்ச. நடுவுல பாத்த நெறத்தையே கொத்துனா தானியம். செவப்பு, பச்ச, நீலம், மூணுலயும் அய்யா புலி. 1961ல கம்மிங், பெர்ரிமேன்னு ரெண்டு பேரு நீலத்த எடுத்துட்டு மஞ்சள வச்சாங்க பாரு, குருட்டாம்போக்குலதான் கொத்துச்சு. 'ஒரே மாதிரி'ங்கிற சங்கதியே அதுக்கு ஏறல. செவப்புன்னா செவப்பு, பச்சன்னா பச்ச, உன் கோச்சிங் நோட்ஸ் மாதிரி.

சுரங்கத்துல ஷிப்ட் பாத்த கெழவனுக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்னு முழிக்காத. பென்சன்காரனுக்குப் படிக்க நேரம் கெடைக்குதுடா, உனக்குத்தான் செல்லு இருக்கே.

திருப்பிக் கேட்டாலும் அதே கததான். செவப்பக் கண்டா கோடு போட்ட பட்டனக் கொத்துன்னு பழக்கிட்டு, அந்தக் கோட்டக் காட்டி செவப்ப எடுன்னா புறா உன்னாட்டமே நிக்கும். ஆனா அத மட்டும் குத்தம் சொல்லாத. நடுவுல எரியிற செவப்பும் ஓரத்துல எரியிற செவப்பும் அதுக்கு வேற வேற சரக்கு. எல்லாத்தையும் ஒரே எடத்துல, ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணாக் காட்டிப் பழக்குனா தலகீழாவும் புடிச்சுக்க முடியும்னு 2008ல உர்குயோலிங்கிறவரு காட்டிட்டாரு. புறாவுக்கு அந்தச் சாக்கு இருக்கு. உனக்கு?

இன்னொண்ணு கேளு. 1988ல ரைட்டுங்கிறவரும் அவரு கூட்டாளிங்களும் சில புறாவ ரெண்டே படத்துலயும், சிலத 152 படத்துலயும் பழக்குனாங்க. ரெண்டு படத்துக்காரரு புதுப் படத்துல கோட்ட விட்டாரு. 152 பாத்தது, கண்ணுலயே படாத படத்தையும் பழசு மாதிரியே ஜோடி சேத்துச்சு. நீ என்னடான்னா ஒரே மாடல் பேப்பரப் போட்டுத் தேச்சிக்கிட்டிருக்க.

அப்புறம், இந்தப் பரீட்சையில புறாவுக்கு ஒரு விரதமும் உண்டு. எடையில அஞ்சுல ஒரு பங்கு கொறையிற வரைக்கும் தீனியச் சுருக்கிட்டுத்தான் பெரும்பாலும் பொட்டிக்குள்ள விடுவாங்க. பசிச்சாத்தான் கொத்துமாம். ராத்திரிக்கு உங்க ஆயா பணியாரம் சுடுறா. என்ன சொல்லட்டும் அவகிட்ட?