தாத்தா போட்ட மதுரை

என் தாத்தா வரைந்த மதுரைப் படத்தில் மீனாட்சியம்மன் கோயிலைவிட எங்கள் வீடு பெரியது. பெரியத்தை கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் போகிறவர்கள் வழி தவறிவிடக் கூடாது என்று பழுப்புத் தாளில் பென்சிலால் போட்டது. அது எந்த வருஷம் என்று கேட்டால் அத்தை பேச்சை மாற்றிவிடுவார். படத்தில் தங்கம் தியேட்டர் இருக்கிறது. அது 1952-ல் 'பராசக்தி'யோடு திறந்தது. ஆகவே கல்யாணம் அதற்கப்புறம்தான் என்று துப்புத் துலக்கிச் சொன்னேன். "தியேட்டர் வயசை வெச்சு என் வயசைக் கண்டுபிடிக்கிறியாக்கும்?" என்றார்.

படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அத்தையோடு ஆட்டோவில் கிளம்பினேன்.

மதுரையில் வழி தொலைவது கஷ்டம். கோயிலைச் சுற்றிச் சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று பஞ்சாங்கம் மாதிரி வீதிகள் சதுரம் சதுரமாக விரிந்து, வெளி வீதியில் போய் முடியும். 1840-கள் வரை அந்தப் பக்கமெல்லாம் கோட்டையும் அகழியும்தான். ஊர் கொஞ்சம் காற்று வாங்கட்டும் என்று கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடிக்கத் தீர்மானித்தார். கஜானாவைத் திறக்காமலே காரியத்தை முடித்த புண்ணியவான்: மதிலை இடித்து அகழியைத் தூர்க்கிறவர்களுக்கு அந்த இடமே சொந்தம் என்றுவிட்டார். வேலையை மேய்த்த பெருமாள் மேஸ்திரியும் மாரட்டும் வீதிப் பெயர்களாகிவிட்டார்கள். கலெக்டர் நினைவுக்கு ஒரு விளக்குத்தூண்.

எங்கள் முன்னோர் ஒருவரும் அன்று கடப்பாரை தூக்கினார் என்பது குடும்பப் பெருமை. மதுரை வரலாற்றில் நம் பங்கு இடித்ததுதான் என்பதில் தாத்தாவுக்குத் துளியும் கூச்சம் இருந்ததில்லை. கோட்டையில் ஒரு துண்டு மட்டும் பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் இன்னும் நிற்கிறது. எங்கள் ஆள் அன்றைக்கு லீவு போலிருக்கிறது.

படத்தில் வீடுகளுக்குப் பெயர் கிடையாது, குறிகள்தான். வட்டம் போட்டிருந்தால் மொய் எழுதியவர். பெருக்கல் போட்டிருந்தால் சாப்பிட்டு, கை கழுவி, தாம்பூலப் பையும் வாங்கிக்கொண்டு போனவர். கல்யாணம் முடிந்து தாத்தா ராத்திரியோடு ராத்திரியாகக் குறித்திருக்க வேண்டும். மேலமாசி வீதியில் "காந்தி வீடு" என்று எழுதியிருந்தது. 1921 செப்டம்பர் 22-ம் தேதி காந்தி மேல்சட்டையைத் துறந்து இடுப்புத் துணிக்கு மாறிய வீடு. சரித்திர உணர்ச்சி பொங்கப் படத்தை உற்றுப் பார்த்தேன். அதற்கு எதிர்ச் சந்தில் ஒரு பெருக்கல் குறி. அந்தச் சந்துக்கு அடையாளம் சொல்லத்தான் காந்தி தேவைப்பட்டிருக்கிறார்.

தியேட்டர்கள்தான் மோசம் போயிருந்தன. தங்கம் இருந்த இடத்தில் ஜவுளிக்கடை. பாகவதரின் 'சிந்தாமணி' 1937-ல் ஓடிக் குவித்த பணத்தில் கட்டியது என்று ஊரே சொல்லும் சிந்தாமணி தியேட்டரும் ஜவுளிக்கடை. "அப்ப படம் பாக்கப் பட்டுச்சேலை கட்டிட்டுப் போவோம். இப்ப பட்டுச்சேலையப் பாக்கவே போக வேண்டியதுதான்" என்றார் அத்தை. போகலாம் என்றும் சொன்னார். போய் வந்த செலவை இங்கே எழுதுவது குடும்பத்துக்கு நல்லதல்ல.

வடக்கே வைகையோடு படம் நின்றுவிடுகிறது. 1889-ல் கட்டிய ஏ.வி. பாலம் பாதிவரைதான் வரைந்திருக்கிறது. அதற்கப்பால் வெறுந்தாளில் ஒரு வரி: "அங்கிட்டுச் சொந்தம் இல்லை." தல்லாகுளம், கோரிப்பாளையம் எல்லாம் தாத்தாவுக்கு வெளியூர். அழகரே ஆற்றில் இறங்க வருஷத்துக்கு ஒரு நாள் வைத்திருக்கும்போது நமக்கென்ன அவசரம் என்பாராம்.

கடைசியில் அந்த எதிர்ச் சந்துக்கே போனோம். அதே வீடு, கீழே பாத்திரக்கடை. கல்லாவில் இருந்தவர் பேரன். அத்தை படத்தை விரித்து, பெருக்கல் குறியில் விரலை வைத்து, விஷயத்தைச் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவர் கோபப்படவில்லை; உள்ளே போய் அட்டை கிழிந்த ஒரு மொய் நோட்டோடு வந்தார்.

"பாருங்கம்மா. எங்க அப்பா காதுகுத்துக்கு உங்க வீட்டுலருந்து வந்து சாப்பிட்டிருக்காங்க. மொய் எழுதல. அதான் எங்க தாத்தாவும் எழுதாம வந்திருப்பாரு."

அத்தை நோட்டை வாங்கி, கண்ணாடியை ஏற்றி இறக்கி, முன் பக்கம் பின் பக்கம் எல்லாம் புரட்டிப் பார்த்தார். "எங்கப்பா கையெழுத்து இல்லையே" என்றார். பிறகு காப்பி வந்தது. காப்பியோடு அவர் மகள் கல்யாணப் பத்திரிகையும் வந்தது.

"கண்டிப்பா வந்துரணும்மா. மண்டபம் ஒத்தக்கடையில."

"ஆத்துக்கு அங்கிட்டா?" என்று அத்தை என்னைப் பார்த்தார்.

"வழியெல்லாம் கேக்க வேணாம்மா, தம்பிக்கு கூகுள் மேப் அனுப்பிர்றேன்."

என் செல்போனில் வந்த படத்தை அத்தை வாங்கி, கையை நீட்டி எட்ட வைத்துப் பார்த்தார்.

"எல்லாஞ் சரிதான். யாரு மொய் வெச்சாங்க, யாரு வெக்கலன்னு இதுல எங்க போட்டிருக்கு?"