டென்ஷன்: காரணங்களும் நிவாரணங்களும்

மனித உடலில் டென்ஷன் குடியிருக்கும் இடம் சிறுநீரகங்களின் உச்சி. அங்கே குல்லாய் கவிழ்த்ததுபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள், ஆபத்து என்று மூளை சொன்ன மாத்திரத்தில் அட்ரினலினைக் கொட்டும். சற்று நேரத்தில் கார்ட்டிசாலும் வந்து சேரும். இதயம் வேகமெடுக்கும், ரத்தத்தில் சர்க்கரை ஏறும், செரிமானம் வேலைநிறுத்தம் செய்யும். சண்டை போடவோ தப்பி ஓடவோ உடல் செய்துகொள்ளும் ஆயத்தம் இது என்று ஹார்வர்டு உடலியல் பேராசிரியர் வால்டர் கேனன் 1915-இல் ஒரு புத்தகமே எழுதினார். ஆனால் அலுவலகக் கவுண்டர் முன்னால் நிற்பவருக்கு இரண்டுமே கைகொடுப்பதில்லை. சண்டை போட்டால் செக்யூரிட்டி வருவார். ஓடினால் டோக்கன் போய்விடும். டென்ஷனைக் குறைக்க உறுதியான வழி ஒன்று உண்டு. அது உரிய இடத்தில் விளக்கப்படும்.

டென்ஷன் ஆராய்ச்சித் துறையின் தந்தை ஹான்ஸ் செல்யே. மான்ட்ரியலில் எலிகளுக்கு ஊசி போட்டு ஆராய்ந்துகொண்டிருந்தவர். எலிகளின் அட்ரினல் சுரப்பி வீங்கியது, வயிற்றில் புண் வந்தது. எந்த மருந்தை ஏற்றினாலும் இதே கதைதான். எது நேர்ந்தாலும் உடல் காட்டும் பொதுவான எதிர்வினை இது என்று 1936-இல் ‘நேச்சர்’ இதழுக்கு ஒரு சிறு கடிதம் எழுதினார், துறை பிறந்துவிட்டது. எலிகளுக்கு உண்மையில் என்ன நேர்ந்தது என்பதை நரம்பியலாளர் ராபர்ட் சபோல்ஸ்கி தம் நூலில் சொல்கிறார். செல்யேவுக்கு எலியைப் பிடிக்க வராதாம். ஊசி போடும்போது கீழே நழுவவிடுவார்; அது மேசைக்கடியில் ஓடும்; இவர் துடைப்பத்தோடு துரத்துவார். வயிற்றுப்புண்ணின் காரணம் மருந்தில் இல்லை, துடைப்பத்தில் இருந்தது. அந்த எலிகளிடம் யாரும் வந்து அமைதியாக இருக்கும்படி சொல்லவில்லை என்பது மட்டுமே அவற்றுக்கு வாய்த்த நல்லூழ்.

அடுத்து வந்தது அளவுகோல். 1967-இல் ஹோம்ஸ், ராஹே என்ற இரு அமெரிக்கர்கள் வாழ்க்கையில் நேரக்கூடிய 43 சம்பவங்களைப் பட்டியலிட்டு மதிப்பெண் போட்டார்கள். வாழ்க்கைத் துணையின் மரணம் 100. கல்யாணம் 50. மேலதிகாரியோடு உரசல் 23, துணைவரின் வீட்டாரோடு தகராறு 29. இந்த இரண்டு எண்களின் வரிசையைப் பார்த்தால் பட்டியல் போட்டவர்கள் குடும்பஸ்தர்கள் என்று தெரிகிறது. விடுமுறைக்கு 13, கிறிஸ்துமஸுக்கு 12. தீபாவளிக்கு முந்தைய இரவு கோயம்பேட்டிலோ கிளாம்பாக்கத்திலோ பஸ் ஏற முயன்ற ஒருவரைக் கேட்டிருந்தால் அந்த 12 இன்னும் கொஞ்சம் ஏறியிருக்கும்.

பெரிய சம்பவங்களைவிட அன்றாடத் தொல்லைகள்தான் ஆளைப் படுத்துகின்றன என்பது உளவியலாளர் ரிச்சர்ட் லாசரஸ் குழுவினர் 1981-இல் கண்டது. அவர்கள் 117 தொல்லைகளைத் தொகுத்தார்கள். உடல் எடை, விலைவாசி, வீட்டு மராமத்து, வைத்த பொருளை வைத்த இடத்தில் காணாமல் தேடுவது எல்லாம் அதில் முன்னணியில் வந்தன. ‘சர்வர் டவுன்’ இல்லை. குற்றம் அவர்களுடையதல்ல, காலத்தினுடையது.

உறுதியான வழிக்குப் போகுமுன், டென்ஷனின் காரணிகளிலேயே முதன்மையான ஒன்றை, எந்தப் பட்டியலும் சேர்க்காத ஒன்றை, இங்கே கவனித்தாக வேண்டும். அது ஒரு வாக்கியம். “டென்ஷன் ஆகாதீங்க.”

இவ்வாக்கியம் பல வடிவங்களில் புழங்குகிறது. அலுவலகத்தில் “சார், டென்ஷன் ஆகாதீங்க.” வீட்டில் “இப்ப எதுக்கு டென்ஷன் ஆகுறீங்க?” மச்சான் வாயிலிருந்து வரும்போது “மாமா, கூல்.” அபார்ட்மென்ட் சங்கச் செயலாளர் சற்றே மருத்துவம் கலந்து “பிபி ஏறிடும் சார்” என்பார். தண்ணீர் லாரி வராமல் போனது அவர் போன் செய்ய மறந்ததால். ஏறப்போவது மட்டும் மூன்றாவது மாடிக்காரரின் பிபி. எல்லா வடிவங்களுக்கும் பொதுவான இலக்கணம் ஒன்றுண்டு: சொல்கிறவருக்கு டென்ஷன் இருக்காது. இன்னொன்றும் உண்டு: கோளாறு பெரும்பாலும் சொல்கிறவர் பக்கத்தில் இருக்கும். காலில் ஏறி மிதித்தவர்தான் சொல்வார், மிதிபட்டவர் சொன்னதாகப் பதிவு இல்லை.

இவ்வாக்கியம் பாயும் திசையும் ஆராயத்தக்கது. கலெக்டர் கோபமாக இருக்கும்போது தாசில்தார் அவரைப் பார்த்து “டென்ஷன் ஆகாதீங்க சார்” என்று சொல்வதில்லை. உடனே ஃபைலைத் தேடி எடுத்து வருவார். ஃபைலும் கிடைக்கும். ஆக, காரியத்தை முடித்துக் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லாத இடங்களில் மட்டுமே இவ்வாக்கியம் விளைகிறது. காரியத்துக்குப் பதிலாக வழங்கப்படும் பொருள் அது; ரசீதும் கிடையாது.

அண்மைய உதாரணம் ஒன்று. சென்ற செவ்வாய்க்கிழமை ஓர் அலுவலகத்தில், பெயர் மாற்றத்துக்காக வந்த விண்ணப்பதாரர் ஒருவர் காலை பத்து மணியிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். பட்டா நகல், ஆதார் நகல், வாரிசுச் சான்று நகல் எல்லாம் இரண்டிரண்டு செட். பதினொன்றரைக்கு அவர் முறை வந்தது. கவுண்டரில் இருந்த இளைஞர் தாள்களைப் புரட்டி, ஆதார் நகலில் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே தாளில் இருக்க வேண்டும் என்றார். கீழே ஜெராக்ஸ் கடையில் கரண்ட் இல்லை. கரண்ட் வந்து, நகல் வந்து, மறுபடி வரிசை வந்தபோது ஓடிபி வரவில்லை. ஓடிபி வந்தபோது சர்வர் போயிருந்தது. எப்போது வரும் என்று விண்ணப்பதாரர் கேட்டார். சாதாரணக் குரலில்தான் கேட்டார்; அக்கம்பக்கம் இருந்தவர்கள் சாட்சி. இளைஞர் கைப்பேசியிலிருந்து நிமிர்ந்து, மிகக் கனிவாக, “சார், டென்ஷன் ஆகாதீங்க” என்றார்.

அதுவரை அவர் டென்ஷன் ஆகவில்லை. இந்த இடம் உடலியல் ரீதியில் முக்கியமானது. சர்வர் செய்யாததை, ஓடிபி செய்யாததை, ஜெராக்ஸ் கடை செய்யாததை இரண்டே சொற்கள் செய்தன. அட்ரினல் சுரப்பிகள் இரண்டும் ஒருசேர விழித்துக்கொண்டன. விண்ணப்பதாரர் “நான் டென்ஷனே ஆகலை” என்றார். இதைத் தாழ்ந்த குரலில் சொல்ல மனிதத் தொண்டையால் ஆவதில்லை. கூடமே திரும்பிப் பார்த்தது. வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், “விடுங்க தம்பி, டென்ஷன் ஆவாதீங்க” என்று தன் பங்குக்குச் சேர்த்தார். அவர்தான் காலையில் பேனா இரவல் வாங்கியவர். பேனா இன்றுவரை திரும்பவில்லை.

மறுப்பே நிரூபணமாகிவிடும் குற்றச்சாட்டுகள் உலகில் மிகக் குறைவு. இது அவற்றில் ஒன்று. “ஆமாம், டென்ஷன்தான்” என்றால் ஆள் சரியில்லை. “இல்லை” என்றாலும் ஆள் சரியில்லை. பேசாமல் இருந்தால் “பாருங்க, மூஞ்சே சரியில்லை” என்பார்கள். இதற்குள் சர்வர், கவுண்டர், பதினொன்றரை மணி எல்லாம் மறைந்துபோய், விசாரணைக்குரிய பொருள் விண்ணப்பதாரரின் சுபாவம் என்றாகிவிடுகிறது.

கிளினிக்கிலும் இதே நடைமுறை. ரத்த அழுத்தம் அளப்பதற்கு மருத்துவ நூல்கள் விதிக்கும் ஒழுங்கு அழகானது. ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், கால்மேல் கால் கூடாது, கை இதயத்தின் மட்டத்தில் தாங்கலோடு இருக்க வேண்டும், பேசக் கூடாது, சிறுநீரை அடக்கிக்கொண்டும் இருக்கக் கூடாது. நடப்பில், ஒன்றரை மணி நேரம் சீரியல் அலறும் கூடத்தில் காத்திருந்தவரை “அடுத்து நீங்க, சீக்கிரம் வாங்க” என்று கூப்பிட்டு, முதுகில்லாத ஸ்டூலில் உட்கார்த்தி, பட்டை இறுகும்போதே “சுகர் இருக்கா? அப்பாவுக்கு இருந்துச்சா? போன் நம்பர் சொல்லுங்க” என்று கேட்பார்கள். முள் 150-இல் நிற்கும். டாக்டர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டே, “டென்ஷனைக் குறைங்க” என்பார். வெள்ளைக் கோட்டைக் கண்டதும் ஏறும் அழுத்தம் என்று இதற்கென்றே மருத்துவத்தில் ஒரு வகை உண்டு. கோட்டைக் கழற்றிவிட்டு அளந்து பார்த்தவர் யாருமில்லை.

நிவாரணங்களை விரைவாகப் பார்க்கலாம். சமாளிப்பு முறைகள் இரண்டு என்று லாசரஸும் சூசன் ஃபோக்மனும் 1984-இல் வகுத்தார்கள். ஒன்று பிரச்சினையைச் சரிசெய்வது, மற்றது மனத்தைச் சரிசெய்வது. சர்வரைச் சரிசெய்ய விண்ணப்பதாரருக்கு அதிகாரமில்லை என்பதால் முதல் வகை இந்நாட்டில் பெரும்பாலும் பாடநூலோடு நின்றுவிடுகிறது. இரண்டாம் வகைக்குத்தான் கடைகள் ஏராளம். கண்ணை மூடி ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப மனத்துக்குள் சொன்னால் உடல் தளரும் என்று அமெரிக்க மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் 1975-இல் காட்டினார். ‘ஒன்’ என்ற எண்ணே போதும் என்றார். டோக்கன் எண் கூப்பிடும் இடங்களில் இது ஆபத்து. கண் திறப்பதற்குள் நம் எண் போய்விடும். மும்பையில் 1995-இல் டாக்டர் மதன் கட்டாரியா பூங்காவில் ஐந்து பேரோடு சிரிப்பு மன்றம் தொடங்கினார்; இப்போது ஊருக்கு ஊர் விடியற்காலையில் கைகளை உயர்த்திச் சிரிக்கிறார்கள். பூங்காவுக்கு எதிர்வீட்டில் தூங்க முயல்பவரின் அட்ரினல் நிலவரம் பற்றிய ஆய்வு ஏதும் கண்ணில் படவில்லை.

குடும்ப வாட்ஸ்அப் குரூப் வழங்கும் நிவாரணமும் உண்டு. அதிகாலை ஐந்தேகாலுக்குச் சித்தப்பா அனுப்பும் தாமரைப்பூ, அதன்மேல் கவலையை விடச் சொல்லும் வாசகம், கீழே ‘பத்துப் பேருக்கு அனுப்பவும்’. பெரியம்மா ஃபார்வர்டு செய்யும் வீடியோவில் ஒருவர் கோபத்துக்குச் சீரகத் தண்ணீர் சொல்வார். காபியை நிறுத்தச் சொல்வோர் தனி வகை. காபியால் அழுத்தம் சற்று ஏறும் என்பது உண்மைதான். காலை ஆறரைக்குக் காபி கிடைக்காத வீட்டில் எவ்வளவு ஏறும் என்பதையும் சேர்த்து அளக்காதவரை அந்த ஆலோசனை அரைகுறை. இது எதற்கும் அடங்காத நிஜமான துயரத்துக்கு மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 இருக்கிறது, 2022 முதல் இரவு பகலாக இயங்குகிறது. இக்கட்டுரை அந்தத் துயரத்தைப் பற்றியதல்ல, ஜெராக்ஸைப் பற்றியது.

கடைசியாக, முதலில் சொன்ன அந்த உறுதியான வழி: புலம்பல். செலவில்லாதது, பயிற்சி வேண்டாதது. சம்பந்தமே இல்லாத ஒருவர், நின்று கேட்க நேரமுள்ளவர், கிடைத்தால் போதும். பஸ் ஸ்டாப் இதற்கு உகந்த இடம். சொல்கிறவர் பத்து மணியில் ஆரம்பித்து நகல், கரண்ட், ஓடிபி என்று வரிசை பிசகாமல் வர வேண்டும். கேட்கிறவரின் கடமை “அட அநியாயமே”, “அப்புறம்?”, “நல்லா நாலு கேட்டிருக்கணும்” என்ற மூன்றையும் உரிய இடைவெளியில் சொல்வது. பேனா விஷயத்துக்கு உச்சுக்கொட்டுபவராக அமைந்தால் விசேஷம். முடிந்ததும் தோள் தானாக இறங்கும். அதன்பின் கேட்டவர் தன் மின் இணைப்பு மாற்றிய கதையைத் தொடங்குவார், அது நெடுங்கதை. 27டி பஸ் காலியாக வந்தால் உடனே ஏறிவிடுவது உத்தமம்.